இருதயத்துக்குச் சாதி இல்லையாம்!

“டென்ஷன் ஆகாதீங்க. எதையும் மனசுல வச்சுக்காதீங்க. காலையில அரை மணி நேரம் கண்ண மூடி உட்காருங்க.”

இந்த மூன்று வாக்கியங்களை இன்று நமக்குச் சொல்லாத ஆள் கிடையாது. ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கிற டாக்டர் சொல்கிறார். டி.வி.யில் வருகிற சாமியார் சொல்கிறார். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சொல்கிறார். செப்டம்பர் 29, உலக இருதய நாள் வந்துவிட்டால் போதும் – பெரிய ஆஸ்பத்திரிகள் சிவப்பு பலூன் கட்டி, பனியன் கொடுத்து, கடற்கரையில் ஆட்களை ஓடவிட்டு, ‘மாஸ்டர் செக்-அப்’புக்குத் தள்ளுபடியும் அறிவித்து இதையே சொல்கின்றன. மனசுக்கும் இருதயத்துக்கும் தொடர்பு உண்டு என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டதாம். ஆகவே மனசை அமைதியாக வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

தொடர்பு உண்டுதான். அதில் நமக்கு வழக்கில்லை. நம் வழக்கெல்லாம் அந்த ‘ஆகவே’யோடுதான். அது யாருடைய மனசு, அதைக் கெடுத்தது யார், எதற்காக அது அமைதியாக இருக்க வேண்டும் என்று கேட்காமல் நேரே ‘ஆகவே’க்குத் தாவிவிடுகிறார்கள். இருதயத்துக்குச் சாதி இல்லை, வர்க்கம் இல்லை, நிறம் இல்லை என்று மேடைப்பேச்சு வேறு. இருக்கட்டும். அந்த விஞ்ஞானத்தையே எடுத்துப் புரட்டிப் பார்ப்போம். அறுபது எழுபது வருசமாக அது என்ன சொல்லிவந்திருக்கிறது? யாரைப் பார்த்துச் சொன்னது? யார் காசில் சொன்னது?

*

1950களில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் மேயர் ஃப்ரீட்மன், ரே ரோசன்மன் என்று இரண்டு இருதய டாக்டர்கள். அவர்களுடைய கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளுக்கு உறை மாற்ற வந்த தொழிலாளி, இந்த நாற்காலிகளில் மட்டும் முன்விளிம்பு இப்படித் தேய்ந்து கிடக்கிறதே என்றாராம். சாய்ந்து உட்காராமல் நுனியில் உட்கார்ந்து மணி பார்க்கிறவர்கள்தான் இருதய நோயாளிகள் என்பது டாக்டர்களுக்குப் பல வருசம் கழித்து உறைத்தது. (கண்ணில் பட்டது உழைக்கிறவருக்கு, பேர் வாங்கியது டாக்டர். நமக்கென்ன இது புதுசா?)

1959இல் கட்டுரை வந்தது. ‘ஏ வகை மனிதன்’ பிறந்தான். அவசரக்காரன், போட்டிக்காரன், சட்டென்று கோபப்படுகிறவன், ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறவன். 1960இல் கலிஃபோர்னியாவின் கம்பெனிகளில் வேலை பார்த்த 39 முதல் 59 வயது ஆண்கள் 3,000க்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டு எட்டரை ஆண்டுகள் கவனித்தார்கள். ‘ஏ வகை’க்காரனுக்கு மாரடைப்பு இரண்டு மடங்கு அதிகம் என்றார்கள். பெண்கள் ஒருவரும் இல்லை. ஆண்களிலும் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள், நடுத்தர வர்க்கம்.

அன்றிலிருந்து மாரடைப்பு ஒரு பதக்கம் ஆயிற்று. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் அவன் பெரிய ஆள், பெரிய பொறுப்பு, நாற்காலி கனம். நம்மூர் சினிமாவிலும் மாரடைப்பு யாருக்கு வரும்? பங்களாவில், மாடிப்படிப் பக்கத்தில், பட்டு ஜிப்பா போட்ட அப்பாவுக்கு. அந்தப் பங்களாவின் வாட்ச்மேனுக்கு நெஞ்சு வலித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

இனி காசு விசயம். சிகரெட் கம்பெனிகள் மேல் நடந்த வழக்குகளால் அவர்களுடைய உள்கடிதங்கள் லட்சக்கணக்கில் வெளியே வந்தன. அவற்றைப் படித்து மார்க் பெட்டிக்ரூவும் கூட்டாளிகளும் 2012இல் எழுதினார்கள்: ‘ஏ வகை’ ஆராய்ச்சிக்குப் பிலிப் மோரிஸ் கம்பெனி ஆண்டுக்கணக்கில் பணம் கொட்டியிருக்கிறது. ஏன் கொட்டாது? நோய் அவனுடைய குணத்தில் இருக்கிறது என்று நிரூபித்துவிட்டால் சிகரெட் தப்பித்துக்கொள்கிறதே! ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லை மருத்துவத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த மான்ட்ரியல் பேராசிரியர் ஹான்ஸ் செலியே, அவரும் சிகரெட் கம்பெனிப் பணம் வாங்கியவர்தான். மன அழுத்தத்துக்குப் புகைப்பது ஒரு வடிகால் என்று பேசிக்கொடுத்தவர்தான்.

நம்ம ஊரில் இதற்குத் தலையெழுத்து, கர்மவினை என்று பேர். அமெரிக்கக்காரன் ‘பர்சனாலிட்டி’ என்றான். சுமத்துகிற இடம் ஒன்றுதான் – பாதிக்கப்பட்டவன் தலை.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அதே கலிஃபோர்னியா ஆய்வில் முதல் மாரடைப்புக்கு ஆளானவர்களைத் தொடர்ந்து பார்த்து 1988இல் இன்னொரு கட்டுரை வந்தது. மாரடைப்புக்குப் பிறகு ‘ஏ வகை’க்காரன்தான் கூடுதலாகப் பிழைத்திருந்தான்! கோட்பாடு அதோடு ஆட்டம் கண்டுவிட்டது. ஆனால் பத்திரிகைகளின் ‘நலவாழ்வு’ப் பக்கங்களில் இன்றைக்கும் அது செத்தபாடில்லை.

*

பெரிய நாற்காலிக்காரனுக்குத்தான் நெஞ்சுவலி என்ற புளுகை நிஜமாகவே உடைத்தது லண்டன். வொயிட்ஹால் என்பது பிரிட்டிஷ் அரசு அலுவலகங்கள் நிறைந்த தெரு. 1967இல் அங்கே ஓர் ஆய்வு தொடங்கியது. மைக்கேல் மார்மட்டும் மற்றவர்களும் 1978இல் வெளியிட்ட கணக்கில் அரசு ஊழியரான ஆண்கள் 17,530 பேர். ஏழரை ஆண்டுகளில் யார் இருதய நோயால் செத்தார்கள் என்று எண்ணினார்கள். உச்சாணியில் இருந்த நிர்வாக அதிகாரியைப்போல 3.6 மடங்கு, கடைசிப் படியில் இருந்த கடிதம் தூக்குகிறவர் – நம் மொழியில் பியூன் – செத்திருந்தார்.

3.6 மடங்கு என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் நடந்தது. அதிகாரியைவிட அவருக்கடுத்த ஆள் அதிகம் செத்தார். அவரைவிடக் கிளார்க் அதிகம். கிளார்க்கைவிடப் பியூன் அதிகம். படிக்குப் படி! இவர்களில் பட்டினி கிடந்தவர் யாரும் இல்லை. எல்லோருக்கும் மாதச் சம்பளம், பென்சன், இலவச அரசு மருத்துவம். புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசத்தில் பாதிகூடக் கரையவில்லை. அப்புறம் 1985இல் பெண்களையும் சேர்த்து 10,308 பேரோடு இரண்டாம் ஆய்வைத் தொடங்கினார்கள். அதிலிருந்து 1997இல் வந்த கட்டுரை, படிகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தின் பெரும்பகுதிக்குப் பொறுப்பான ஒன்றைப் பேர் சொல்லிக் காட்டியது: தன் வேலையின் மீது தனக்கு அதிகாரம் இல்லாமை. எப்போது செய்வது, எப்படிச் செய்வது, எப்போது எழுந்து போவது – எதையும் தீர்மானிக்க முடியாத நிலை.

அண்ணல் அம்பேத்கர் ‘படிநிலைச் சமத்துவமின்மை’ என்று எதைச் சொன்னாரோ அதன் இருதய வரைபடத்தை வெள்ளைக்காரன் தன் சொந்த ஆபீசில், சாதியே இல்லாத இடத்தில் வரைந்து வைத்திருக்கிறான். அங்கே படி ஏறலாம். பிறப்பால் படி இல்லை. அப்படியும் இந்தக் கதி.

கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாசம் பிறந்த முதல் வாரம், பென்சன் கூட்டம் வாசல் வரை நிற்கும்போது ஒண்ணுக்குப் போகக்கூட எழுந்திருக்க முடியாது. அது போகட்டும். நான் வேலை பார்க்கிற கிளையில் (பேர் எதற்கு, எல்லாக் கிளையும் ஒரே கிளைதான்) ஒரு சனிக்கிழமை மாலை ‘ஸ்ட்ரெஸ் மேனேஜ்மெண்ட்’ வகுப்பு நடத்தினார்கள். கோட்டு போட்ட பயிற்சியாளர், திரையில் சூரிய உதயம், புல்லாங்குழல். மேனேஜர், ஆபீசர்கள், கிளார்க்குகள் எல்லோரும் கண்ணை மூடி மூச்சு விட்டோம். எங்கள் கிளையின் சப்-ஸ்டாஃப் அண்ணன் – அய்ம்பத்தைந்து வயசு, அதற்கு முந்தின வருசம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர், நம்ம ஆள் – டீ கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நேற்று சேர்ந்த ஆபீசர் பையன் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். “அண்ணே, இந்த கிளாஸ் ஒங்களுக்குத்தான வேணும், ஒக்காருங்க” என்றேன். “டீ ஆறிடும் தம்பி” என்றுவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். வொயிட்ஹால் கணக்குப்படி அந்த அறையில் ஆபத்து அதிகம் உள்ள ஒரே மனிதர் அவர். அந்த அறையில் உட்காராத ஒரே மனிதரும் அவர்தான்.

*

மனசு எப்படி இருதயத்துக்குள் போகிறது? மந்திரம் ஒன்றுமில்லை. அவமானமோ பயமோ வரும்போது உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது. அட்ரினலின் ஏறுகிறது, இரத்தக்குழாய் இறுகுகிறது, பிரஷர் எகிறுகிறது, காயம் பட்டால் உறையட்டும் என்று இரத்தத்தட்டுகள் பிசுபிசுப்பாகின்றன. ஆபத்து போய்விட்டால் எல்லாம் இறங்கிவிடும். தினமும் அதே தெருவில், அதே ஆபீசில், அதே ஆளிடம் போய் நிற்க வேண்டியவனுக்கு எப்போது இறங்கும்? 2017இல் பாஸ்டன் டாக்டர்கள் 293 பேருடைய ஸ்கேன்களைப் பார்த்தார்கள். மூளையில் பயத்தை உணர்கிற அமிக்டலா என்ற பகுதி யாருக்கு அதிகமாக விழித்திருந்ததோ அவர்களுக்கு எலும்பு மஜ்ஜை வேகம் கூடி, இரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சி கூடி, அடுத்த சில வருசங்களில் இருதய நோயும் கூடுதலாக வந்திருந்தது.

இதன் மறுபக்கம், மாரடைப்பு வந்தவரின் மனசு. 1993இல் மான்ட்ரியல் இருதய நிலையத்தில் நான்சி ஃப்ரேஷர்-ஸ்மித்தும் கூட்டாளிகளும் மாரடைப்பிலிருந்து மீண்ட 222 பேரைக் கவனித்தார்கள். மனச்சோர்வில் விழுந்திருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் செத்துப்போகிற ஆபத்து, இருதயம் எவ்வளவு பழுது என்பதைக் கழித்துப் பார்த்த பிறகும், நான்கு மடங்குக்கும் அதிகம். மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ அய்ந்தில் ஒருவருக்குக் கடும் மனச்சோர்வு வருகிறது. இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் அமெரிக்க இருதயச் சங்கத்தின் நிபுணர் குழு 2014இல், மனச்சோர்வை இருதய நோயாளியின் ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்றது.

இவ்வளவும் அவர்கள் சொல்லுவார்கள். பலூன்காரர்களும் சொல்லுவார்கள். அவர்கள் சொல்லாதது இனிமேல்தான்.

*

நான்சி க்ரீகர் என்ற ஆய்வாளர். 1990இல் கலிஃபோர்னியாவின் அலமீடா கவுன்ட்டியில் 51 கறுப்பினப் பெண்களிடமும் 50 வெள்ளைப் பெண்களிடமும் டெலிபோனில் ஒரு கேள்வி கேட்டார்: உங்களுக்கு அநியாயம் நடந்தால் என்ன செய்வீர்கள்? வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்வீர்களா? ஏதாவது செய்வீர்களா, நாலு பேரிடம் சொல்வீர்களா? கறுப்பினப் பெண்களில் பொறுத்துப்போகிறவர்களுக்கு, எதிர்வினை செய்கிறவர்களைவிட இரத்த அழுத்த நோய் 4.4 மடங்கு அதிகமாக இருந்தது.

இது சின்ன ஆய்வு. ஆகவே 1996இல் க்ரீகரும் ஸ்டீஃபன் சிட்னியும் 4,000க்கும் மேற்பட்ட இளவயதினரை – கறுப்பர், வெள்ளையர், ஆண், பெண் – எடுத்துக்கொண்டார்கள். இந்த முறை பிரஷரை மெசின் வைத்தே அளந்தார்கள். ஏழு இடங்களைச் சொல்லி, அங்கே நிறத்தின் பேரால் பாகுபாடு நடந்ததா என்று கேட்டார்கள். உழைக்கும் வர்க்கக் கறுப்பர்களில் யாருக்குப் பிரஷர் கூடுதல்? ‘நடந்தது, எதிர்த்தேன்’ என்றவர்களுக்கு அல்ல. ‘எனக்கு எங்கேயும் எதுவும் நடக்கவில்லை’ என்று சொல்லி, அநியாயத்தைப் பொறுத்துப்போவதாகவும் சொன்னவர்களுக்கு! மேல்பிரஷரில் ஏறத்தாழ ஏழு புள்ளி வித்தியாசம்.

இதை இரண்டு தரம் படியுங்கள் தோழர்களே.

‘ஒண்ணும் நடக்கல’ என்று சொல்கிறவரின் உடம்பு ‘நடந்தது’ என்கிறது. வாய் சொல்லாததை இரத்தக்குழாய் சொல்லிவிடுகிறது. எங்கள் சப்-ஸ்டாஃப் அண்ணனும் அப்படித்தான். எப்போது கேட்டாலும் “நமக்கென்ன தம்பி, ஒரு கொறையும் இல்ல” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. நடந்ததற்குப் பேர் வைத்தால் அப்புறம் அந்த ஆபீசில் ஒரு நாள்கூட வேலை செய்ய முடியாது என்பது அவருக்குத் தெரியும். பேர் வைக்காமல் இருந்தால் முப்பது வருசம் ஓட்டலாம்.

எல்லா ஆய்வும் க்ரீகருக்கு ஒத்துப் பாடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரத்த அழுத்தம் பிடிவாதமான சரக்கு, ஒரு காரணத்துக்கு மட்டும் கட்டுப்படாது. ஆனால் திசை மாறவில்லை. மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில் கறுப்பின மக்களை மட்டுமே வைத்து 2000இல் தொடங்கிய பெரிய இருதய ஆய்விலிருந்து 2020இல் ஒரு கட்டுரை வந்தது. தொடக்கத்தில் பிரஷர் இல்லாமலிருந்த 1,845 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், வாழ்நாளில் பாகுபாட்டைக் குறைவாகச் சந்தித்தவர்களைவிட நடுத்தர அளவில் சந்தித்தவர்களுக்குப் பிரஷர் நோய் வரும் ஆபத்து 49 சதவீதம் கூடுதல்.

இப்போது அந்த மூன்று வாக்கியங்களுக்குத் திரும்புவோம். “எதையும் மனசுல வச்சுக்காதீங்க.” வெளியே கொட்டவா சொல்கிறார்கள்? இல்லை, விழுங்கச் சொல்கிறார்கள். நூற்றாண்டுகளாக ஊர் சேரிக்கு எழுதிக்கொடுத்த அதே மருந்துச்சீட்டு. கும்பிட்டு ஒதுங்கி நில், குரலை உயர்த்தாதே, பொறுத்தார் பூமி ஆள்வார். (பொறுத்தவர்களில் யாருக்கய்யா பட்டா கிடைத்தது?) அந்தச் சீட்டில்தான் இப்போது ‘கார்டியாலஜி’ என்று ரப்பர் ஸ்டாம்ப் அடித்துத் தருகிறார்கள்.

*

மாணவத் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. ‘நீ நல்லாப் படி, ரெண்டு மடங்கு உழை, எவனும் உன்ன ஒண்ணும் சொல்ல முடியாது’ – இதை நம் அப்பா சொன்னார், வாத்தியார் சொன்னார், நாமும் தம்பிகளுக்குச் சொல்கிறோம். ஷெர்மன் ஜேம்ஸ் என்ற கறுப்பின ஆய்வாளர் 1978இல் வட கரோலினாவில் ஒரு முதியவரைச் சந்தித்தார். பேர் ஜான் ஹென்றி மார்ட்டின். 1907இல் பிறந்தவர், வாரக் குத்தகைக்காரர், இரண்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவர். தானாகவே எழுதப் படிக்கக் கற்று, ராப்பகலாக உழைத்து, நாற்பது வயதுக்குள் 75 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரரானார். அய்ம்பதுகளின் கடைசியில் அவருக்கு இரத்த அழுத்தம், மூட்டுவாதம், வயிற்றுப்புண். வயிற்றில் 40 சதவீதத்தை அறுத்து எடுத்திருந்தார்கள்.

நீராவி இயந்திரத்தோடு போட்டி போட்டுச் சம்மட்டியால் பாறையைத் துளைத்து, ஜெயித்து, கையில் சம்மட்டியோடு செத்து விழுந்த ஜான் ஹென்றி என்ற தொழிலாளியின் கதை அமெரிக்கக் கறுப்பர்களின் வாய்மொழி மரபில் உண்டு. அந்தப் பேரையே ஜேம்ஸ் தன் கோட்பாட்டுக்கு வைத்தார்: ‘ஜான் ஹென்றியிசம்’. எந்தத் தடை வந்தாலும் என் உழைப்பால் வெல்வேன் என்ற பிடிவாதம். 1983இல் 132 கறுப்பின ஆண்களை வைத்து அவர் கண்டது: பிடிவாதம் அதிகம், படிப்பு குறைவு என்று இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பிரஷர் அதிகம். அதாவது, போராடும் குணம் தனியாக ஆளைக் கொல்லவில்லை. கையில் ஆயுதம் இல்லாமல் தனியாகப் போராடவிடுவதுதான் கொல்கிறது. இதுவும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நிரூபணமாகவில்லை. ஆனாலும், வீட்டில் முதல் பட்டதாரியாக, ஹாஸ்டல் அறையில் தூக்கமில்லாமல், ‘கோட்டால வந்தவன்’ என்ற ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்ல மூன்று பேர் வேலையைச் செய்துகொண்டிருக்கிற தம்பியும் தங்கையும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தகுதி, திறமை என்று வாய் கிழியப் பேசுகிறவன் யாரும் அந்தத் திறமைக்கு உடம்பு கொடுக்கிற விலையைப் பற்றிப் பேச மாட்டான்.

*

சரி, இங்கே என்ன கணக்கு இருக்கிறது? 2004இல் ‘இன்டர்ஹார்ட்’ என்ற மாபெரும் ஆய்வின் முடிவுகள் வந்தன. தலைமை தாங்கிய சலீம் யூசுப் கேரளத்தில் பிறந்தவர். 52 நாடுகள், அவற்றில் இந்தியாவும் உண்டு. மனம், சமூகம் சார்ந்த நெருக்கடிகளைப் பற்றிய பகுதியில் மட்டும் 24,767 பேர். உலகின் மாரடைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த நெருக்கடிகளோடு சேர்த்துக் கணக்கிடப்பட்டது. அதே ஆய்வின் 2007 கட்டுரை, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே வந்துவிடுகிறது, மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59 என்றது.

நெருக்கடி பற்றி என்ன கேட்டார்கள்? வேலையில் நெருக்கடியா, வீட்டில் நெருக்கடியா, பணமுடையா, அந்த வருசத்தில் பெரிய இழப்பு ஏதாவதா, சோர்வா, வாழ்க்கை கைமீறிப் போகிறதா. நல்ல கேள்விகள்தான். சாதி மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. தெற்காசியனுக்கு ஏன் ஆறு வருசம் முன்னாலேயே வருகிறது என்று தேடும்போது ஜீன் வரை தோண்டுகிறார்கள், நெய்யை நிறுக்கிறார்கள், இடுப்பை அளக்கிறார்கள். தெற்காசியாவில் மட்டும் விளைகிற ஒரு சரக்கு இருக்கிறதே அய்யா, அதை ஏன் அளக்கவில்லை?

அளந்தால் தெரியும் என்பதற்குச் சான்று வர ஆரம்பித்துவிட்டது. ஆஷிஷ் குப்தாவும் டயான் காஃபியும் 2020இல், உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆறு மாநிலங்களில் (தமிழ்நாடு அதில் இல்லை) திரட்டிய தகவல்களை எடுத்துப் பார்த்தார்கள். சோகம், பதட்டம் இரண்டிலும் தலித்துகளின் நிலை ஆதிக்கசாதி இந்துக்களைவிட மோசம். வசதியையும் படிப்பையும் சமப்படுத்திய பிறகும் மோசம். முஸ்லிம்கள் நிலையும் அதுவே. 2022இல் சங்கீதா வியாஸ், பாயல் ஹாதி, குப்தா மூவரும் ஒன்பது மாநிலங்களின் கணக்கை வெளியிட்டார்கள். ஆதிக்கசாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் சராசரி ஆயுள் மூன்று வருசத்துக்கு மேல் குறைவு, ஆதிவாசிகளுக்கு நான்குக்கும் மேல் குறைவு. பொருளாதார நிலை அதில் பாதியைக்கூட விளக்கவில்லை. வொயிட்ஹாலில் பார்த்தோமே, அதே மிச்சம்! ‘வறுமைதான் பிரச்சினை, சாதி இல்லை’ என்று மேடையில் முழங்குகிற முற்போக்கு நண்பர்கள் இந்த மிச்சத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

மனச்சோர்வுக்கும் இருதயத்துக்கும் உள்ள பாலம் மான்ட்ரியலில் கட்டியாயிற்று. சாதிக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள பாலம் இங்கே பாதி எழுந்து நிற்கிறது. ஒரு மனிதரின் உடம்பிலேயே இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற பெரிய, நீண்டகால ஆய்வு ஒன்று நமக்கு வேண்டும். அதை நடத்த வேண்டியவர்களின் மருத்துவக் கல்லூரிகளில் துறைத்தலைவர் நாற்காலிகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். இதற்கு மேல் நான் எழுத வேண்டுமா?

*

‘அப்போ எல்லாப் பழியும் சமூகத்து மேலயா? மாத்திரையத் தூக்கிக் குப்பையில போடவா?’ என்று கேட்கிற தோழருக்கு: போடாதீர்கள். பிரஷர் மாத்திரை உயிர் காக்கும். பீடியை விடுங்கள், குடியை விடுங்கள். நம் இயக்கத்தில் குடி தின்ற ஆட்களின் பட்டியல் போலீஸ் தின்ற பட்டியலைவிடச் சின்னதில்லை. மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு. அமெரிக்காவில் 2,481 மாரடைப்பு நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2003இல் ஒரு கசப்பான முடிவைச் சொன்னது: ஆலோசனைச் சிகிச்சையால் மனச்சோர்வு ஓரளவு குறைந்தது, சாவும் மறு மாரடைப்பும் குறையவில்லை. ஆளைத் தேற்றி அதே வாழ்க்கைக்குத் திருப்பி அனுப்பினால் வேறென்ன நடக்கும் என்பது என் வாசிப்பு. டாக்டர்கள் வேறு காரணங்களும் சொல்கிறார்கள். ஆனால் 2018இல் தென்கொரியாவில் 300 பேரை வைத்து நடந்த ஆய்வில், மாரடைப்புக்குப் பின் 24 வாரம் மனச்சோர்வு மருந்து சாப்பிட்டவர்களுக்கு எட்டு வருசக் கணக்கில் இருதயப் பாதிப்புகள் குறைந்திருந்தன. ஆகவே மருந்து வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரியின் இருதயப் பிரிவில் மனநல டாக்டர் ஒருவர் உட்கார வேண்டும் என்பது நம் கோரிக்கைப் பட்டியலில் சாலைக்கும் சுடுகாட்டுக்கும் பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

நமக்குள்ளேயும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. தூக்கம் வரலை, அழுகையா வருது என்று ஒரு தோழர் சொன்னால் ‘இதெல்லாம் குட்டி முதலாளித்துவச் சீக்கு’ என்று சிரிக்கிறோம். பெண் தோழர் சொன்னால் அதுகூட இல்லை, ‘வீட்ல என்ன பிரச்சன’ என்கிறோம். நியூயார்க்கில் 2014இல் எரிக் கார்னர் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கழுத்தை நெரித்துக் கொன்றார். மகள் எரிக்கா தெருவில் இறங்கினார், மூன்று ஆண்டுகள் ஓயாமல் போராடினார். 2017 டிசம்பர் 30 அன்று மாரடைப்புக்குப் பின் செத்துப்போனார். வயது 27. பிரசவத்துக்குப் பின் இருதயம் பெருத்திருந்தது, ஆஸ்துமாவும் இருந்தது. ஒரு சாவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அந்த மூன்று ஆண்டுகளில் அவரைச் சுற்றியிருந்தவர்களில் எத்தனை பேர் அவரிடம் ‘தூங்கினியா?’ என்று கேட்டிருப்பார்கள் என்று யோசிப்பதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை.

1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்கள் பேரை அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். பேரை எடுத்தோம், கோபத்தை எடுத்தோம். கறுஞ்சிறுத்தைகள் நகரத்துக்கு நகரம் இலவச மருத்துவ நிலையம் நடத்தினார்கள், தங்கள் மக்களுக்குப் பிரஷர் பார்த்தார்கள், அரசாங்கம் கண்டுகொள்ளாத சிக்கிள்செல் நோய்க்கு 1971 முதல் வீடு வீடாகப் போய் இரத்தம் சோதித்தார்கள் – அதை எடுக்க மறந்துவிட்டோம்.

இப்போது எடுக்கலாம். பிரஷர் மெசின் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கிறது. க்ரீகர் கேட்ட ஏழு இடங்கள் ரகசியம் இல்லை: பள்ளிக்கூடம், வேலை தேடுகிற இடம், வேலை செய்கிற இடம், வீடு தேடுகிற இடம், ஆஸ்பத்திரி, தெரு, போலீசும் கோர்ட்டும். நமக்கு எட்டாவதாகக் கோயில் வாசலையும் ஒன்பதாவதாகச் சுடுகாட்டுப் பாதையையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். மருத்துவக் கல்லூரியில் படிக்கிற தோழர்கள் லீவுக்கு ஊருக்கு வரும்போது ஒரு நோட்டும் மெசினும் எடுத்துக்கொண்டு தெருவுக்குள் போங்கள். வந்தவரை அய்ந்து நிமிசம் உட்காரவைத்துவிட்டு அளங்கள், இரண்டு தரம் அளங்கள். பிரஷர் கூடுதலாக இருந்தால் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். பிறகு கேளுங்கள்: இந்த இடங்களில் உங்களுக்கு என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், ராத்திரி தூக்கம் வருகிறதா. ‘எனக்கு ஒண்ணும் நடக்கல தம்பி’ என்று சொல்கிறவர்களை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அவர்களுடைய அளவையும் அதே நோட்டில், அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.